தங்கையைவிட இளைய அண்ணன்

"இந்த அண்ணனைப் பாத்தியா, தங்கச்சியைவிட அஞ்சு வயசு சின்னவன்."

அண்ணி இதைச் சொன்னபோது பொடியன் நாற்காலியைப் பின்கால்கள் இரண்டில் மட்டும் நிறுத்தி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டம் நின்றது. நாற்காலி தரைக்கு இறங்கியது.

துணி வெளுக்கும் கடைக்கு மேலே இருந்தது அந்த ஒற்றை அறை. கீழே இஸ்திரி போடும்போதெல்லாம் தரை வழியாகச் சூடு ஏறும். வாசலில் தொங்கிய பலகையில், காணாமல் போன உறவினர்களைக் கண்டுபிடித்துத் தருவதாக எழுதியிருந்தது. இருக்கும் உறவினர்களைத் தொலைத்துத் தர முடியுமா என்று யாரோ அதன் கீழே பென்சிலால் கேட்டிருந்தார்கள். கையெழுத்தை வைத்து அது யாரென்று அண்ணி அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் அழிக்கவில்லை. வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள், நல்லதுதானே என்று விட்டுவிட்டார்.

பொடியன் அவருடைய கணவரின் கடைசித் தம்பி. ஆறடிக்கு மேல் உயரம், நாற்பதைத் தாண்டிய வயது. வீட்டில் கடைக்குட்டி என்பதால் வைத்த பெயர் தலை நிலைப்படியில் இடிக்கும் காலம் வந்த பிறகும் மாறவில்லை. அவன் அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வருகிற போகிறவர்களும் அவரை அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எந்த வேலையிலும் நிலைக்காதவனை அவர்தான் உதவிக்கு என்று பக்கத்தில் வைத்துக்கொண்டார். வாய்க்கு வேலை கொடுத்தால் கைக்கும் தானாக வேலை வரும் என்பது அவர் கணக்கு. வாய் தன் பங்கைக் குறைவில்லாமல் செய்துவந்தது. கைதான் இன்னும் வந்து சேரவில்லை.

மேஜை மேல் ஒரு பழைய கல்யாண சர்டிபிகேட் கிடந்தது. அதைக் கொண்டுவந்தவர் இப்போதுதான் படியிறங்கிப் போயிருந்தார். கால்நடை மருத்துவரான ஒரு பெண்மணி. இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் ஓடிவந்தவர் போல, சட்டைக் கையில் பூனை முடி ஒட்டியிருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா போய் மூன்று மாதம். கூடப் பிறந்தவர்கள் இல்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தனக்கென்று இந்த உலகத்தில் யாரும் இல்லை என்று அம்மா ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தாராம். மகளும் அதை நம்பி, மாமா சித்தி என்ற வார்த்தைகளை அடுத்த வீட்டுக் குழந்தைகள் வாயில் மட்டும் கேட்டு வளர்ந்திருக்கிறார்.

போன வாரம் அம்மாவின் துணி அலமாரியைக் காலி செய்தபோது அடித்தட்டில் ஒரு கவர் கிடைத்தது. திருமணப் பதிவு அலுவலகத்திலிருந்து தபாலில் வந்த கவர். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அதில் டாக்டருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அரசாங்க முத்திரை போட்ட எதையும் அம்மா பிரிக்க மாட்டார். கல்யாணம் ஆனது எனக்கே தெரியுமே, அதைக் காகிதம் வேறு வந்து சொல்லணுமா என்று கேட்கிற ரகம். டாக்டர் கத்தரிக்கோலால் கவரை வெட்டினார். உள்ளே நாற்பத்தாறு வருடத்துக்கு முந்தைய சர்டிபிகேட். அதன் அடியில் இரண்டு சாட்சிகள். ஒருவர் அப்பாவின் நண்பர், இறந்து பல வருடம் ஆகிறது. இன்னொரு பெயருக்கு நேரே, பெண்ணின் அண்ணன் என்று எழுதியிருந்தது.

பெயரை வைத்துத் தேடலாம் என்றால், கூட்டத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு சாதாரணப் பெயர்.

"அண்ணன் இருந்தும் இல்லேன்னு சொன்னாங்கன்னா, அம்மா என்கிட்ட காலம் பூரா பொய் சொல்லியிருக்காங்க" என்று சொல்லியிருந்தார் டாக்டர். "இல்லேன்னா இந்தக் காகிதம் பொய் சொல்லுது. எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

பொடியன் அதற்கு விளக்கவுரை எழுதாமல் இருப்பானா.

"மாமா நிஜம்னா அம்மா பொய். அம்மா நிஜம்னா மாமா பொய். ரெண்டுல ஒண்ணைத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியும் டாக்டர்."

அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் இன்னொருவனாக இருந்தால் வேலையை விட்டிருப்பான். ஆனால் டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் விஷயம் என்று தலையாட்டினார். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் தனக்கே தெரியவில்லை என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அண்ணியின் விரல் சர்டிபிகேட்டின் அடியில் நின்றது. மணமகளுக்கு வயது இருபத்தேழு. அவளுடைய அண்ணனுக்கு வயது இருபத்திரண்டு.

பொடியன் யோசித்துப் பார்த்தான். பிறகு, அந்த அண்ணன் பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி பிறந்திருக்கலாம், அவர்களுக்கெல்லாம் வயது மெதுவாகத்தான் ஏறும் என்று தன் தீர்ப்பைச் சொன்னான். அப்படியென்றால் இருபத்திரண்டுக்கு அவன் எண்பது வயதைத் தாண்டியிருக்க வேண்டும், சாட்சி சொல்லத் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பார்கள் என்று அண்ணி கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"கிளம்பு. நகலைப் பாத்தாச்சு. அசலைப் பாப்போம்."

பதிவு அலுவலகத்தின் பழைய புத்தகங்கள் பின்கட்டில், ஒரே ஒரு ஜன்னல் உள்ள நீள அறையில் இருந்தன. அதற்குக் காவலாக ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கை கழுவிவிட்டு வர வேண்டும், புத்தகத்தின் மேல் சாயக் கூடாது, பேனா உள்ளே வரக் கூடாது, தும்மல் வந்தால் வெளியே போய்விட வேண்டும் என்றெல்லாம் விதிகள் வைத்திருந்தார். மூச்சு விடலாமா என்று பொடியன் பணிவாகக் கேட்டான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்து விடாமல் அந்தப் பக்கம் திரும்பி விடு என்று அனுமதி கொடுத்தார்.

டாக்டரின் பெற்றோருடைய கல்யாணம் பதிவான பக்கம் சீக்கிரமே கிடைத்தது. மணமகளின் கையெழுத்து இறுகி, நடுங்கி இருந்தது. சாட்சியின் கையெழுத்து வேறு மாதிரி. ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தும் வாலைத் தூக்கிய தேள் போல மேலே சுழித்து முடிந்தது. எழுதியவனுக்குத் தன் எழுத்தின் மேல் அபார ஆசை என்று தெரிந்தது.

அந்த வரியைப் பார்த்ததோடு அண்ணி நிற்கவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்கடுத்த பக்கம். பிறகு பின்னோக்கி இரண்டு பக்கம். தேள் வால் அங்கேயும் இருந்தது. வேறொரு மணமகள், வேறொரு தகப்பன் பெயர், ஆனால் சாட்சிக்கு நேரே அதே எழுத்தில் பெண்ணின் அண்ணன். நாலு வரி தள்ளி இன்னொரு மணமகள். அங்கேயும் பெண்ணின் அண்ணன்.

பொடியன் அண்ணியின் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, இவனுக்கு வாரத்துக்கு ஒரு தங்கச்சி. அப்பாவும் வாரத்துக்கு ஒருத்தர்."

காவல் அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் வேலைக்குச் சேருவதற்கு முந்தைய காலத்துச் சங்கதி அது. வீட்டுக்குத் தெரியாமல் வந்து பதிவு செய்துகொள்கிற ஜோடிகள் அப்போது நிறையப் பேர். பெண் பக்கத்து உறவினர் ஒருவராவது சாட்சி போட்டே ஆக வேண்டும் என்று அப்போதிருந்த அதிகாரி கறாராக நின்றாராம். உறவு கோபித்துக்கொண்ட பெண்கள் உறவுக்கு எங்கே போவார்கள். யாரோ ஒருவன் வாடகை அண்ணனாக வந்து நின்றிருக்கிறான்.

மற்ற வரிகளில் சாட்சியின் முகவரியும் எழுதியிருந்தது. எதிர்க்கட்டடம், மாடிப்படிக்குக் கீழ். அவ்வளவுதான். தபால்காரரைத் தவிர யாரும் சந்தேகப்படாத முகவரி.

அண்ணி தொடர்ந்து அந்தப் பக்கங்களையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொடியனுக்குப் பொறுமை போய்விட்டது. வெளியே வராந்தாவுக்குப் போய் டாக்டருக்குப் போன் போட்டு, மாமா என்று யாரும் இல்லை, அது வாடகை ஆள், உங்கள் அம்மா சொன்னது சத்தியம் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். நல்ல சேதியை முதலில் சொல்கிற பெருமை தனக்கே இருக்கட்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

அண்ணி வெளியே வந்தபோது அவன் முகம் தொங்கியிருந்தது. கேட்காமலே ஒப்புக்கொண்டான். போனில் ஒரு நாய் குரைப்பது மட்டும் கேட்டதாம். அப்புறம் டாக்டர், அப்படியா, நல்லது என்று சொல்லி வைத்துவிட்டார்.

"நல்லதுன்னு சொன்ன குரல் நல்லா இல்ல அண்ணி."

"மாமா போயிட்டாரேன்னு இருந்திருக்கும். அம்மாவைத் திருப்பிக் கொடுத்துட்டோம்னு நீ நினைச்சே, அவங்க கையிலிருந்து ஒரு ஆளைப் பிடுங்கிட்டே." அண்ணி கொஞ்சம் நிறுத்தினார். "அதுவும் விசாரிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே. அந்த ஆள் எல்லாப் பக்கத்துலயும் எந்தப் பேர்ல கையெழுத்துப் போட்டிருக்கான், கவனிச்சியா?"

பொடியன் கவனித்திருக்கவில்லை.

"எல்லாத்துலயும் ஒரே பேர். அவனோட சொந்தப் பேராத்தான் இருக்கும். டாக்டர் அம்மாவோட வரியில மட்டும் வேற பேர், முகவரியும் கிடையாது. பொய் சொல்ல ஒரே பேர் போதும்னு இருக்கிறவன் ஒரு நாள் மட்டும் எதுக்கு இன்னொரு பேரைத் தேடிப் போனான்?"

பொடியன் யோசித்துக்கொண்டே பின்னால் வர, அண்ணி தெருவைக் கடந்தார்.

எதிர்க்கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இப்போது ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. படியின் சரிவுக்கு ஏற்றபடி கூரை இறங்கி, உள்ளே போகப் போகக் கடைக்காரர் குனிய வேண்டிய அமைப்பு. முன்னால் ஒரு மிஷின், பின்னால் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதற்கு ஒரு நீலத் திரை, ஒரு ஸ்டூல். பக்கத்துச் செருப்புக் கடையில் அண்ணி விசாரித்தபோது, மச்சானையா கேட்கிறீர்கள், உள்ளேதான் இருப்பார் என்றார்கள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லையா என்று கேட்டதற்கு, இந்தத் தெருவில் அவர் எல்லோருக்கும் மச்சான்தான் என்று பதில் வந்தது.

வழுக்கைத் தலையும் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடியுமாக ஒருவர் உள்ளே உட்கார்ந்து போட்டோக்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். பொடியன் வாசலில் குனிந்து மச்சான் என்று கூப்பிட்டான். அவர் நிமிரவில்லை.

"எந்தத் தங்கச்சி வீட்டுலேர்ந்து வர்றீங்க?"

அண்ணிக்கு ஸ்டூல் கிடைத்தது. பொடியனுக்கு உள்ளே இடம் போதவில்லை. பாதி உடம்பு தெருவில் நின்றது. மச்சான் எதையும் மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் அதே இடத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் அவர். விண்ணப்பம் அடிக்க வருகிற ஜோடிகளில் பாதிப் பேர் அழுதுகொண்டே வருவார்கள். வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று அந்தப் பெண்கள் சொல்லும்போது, டைப் அடித்த கையோடு எழுந்து கூடப் போய்விடுவார். அவருக்குக் கூடப் பிறந்த தங்கை கிடையாது. அந்தக் குறை ஒரே வருடத்தில் தீர்ந்து, மிச்சம் விழுகிற அளவுக்குத் தங்கைகள் சேர்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளைகள் எல்லோரும் மச்சான் என்று கூப்பிட்டார்கள். அதுவே தெருவுக்கும் பழகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் இன்றைக்கும் போட்டோ எடுக்க வந்து, மாமா, காதைக் கொஞ்சம் சின்னதாக எடுங்கள் என்று கேட்கிறார்களாம்.

அண்ணி கைப்பையிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். மச்சான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். சாட்சியின் பெயருக்கு வந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இது நான் எழுதினதுதான். ஆனா இதுல நான் வாடகை இல்லம்மா."

அந்த நாளை அவர் மறக்கவே இல்லை, அந்தத் தெருவும் மறக்கவில்லை. டாக்டரின் அம்மாவும் அப்பாவும் உள்ளே பெஞ்சில் காத்திருந்தார்கள். மச்சான் அவர்களுடைய காகிதங்களை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, ஒரு தீயணைப்பு வண்டி வந்து அலுவலகத்துக்கு முன்னால் நின்றது. கடைக்காரர்கள் வாளியோடு ஓடிவந்தார்கள். மேல் மாடியில் ஒருவர் முக்கியமான கோப்புகளை ஜன்னல் வழியாக வீச ஆரம்பித்தார். வண்டியிலிருந்து சீருடையில் ஒருவர் மட்டும் இறங்கினார். முப்பது வயது இருக்கும். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல் கம்பியைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார். பெஞ்சில் இருந்த பெண்ணின் முதுகுதான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மச்சானின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, சாட்சி போடப் போவது நீயா என்று கேட்டார்.

அதன் பிறகு அவர் சொன்னதை மச்சான் அப்படியே திருப்பிச் சொன்னார்.

"தங்கச்சி கல்யாணத்துக்குள்ள காலடி வைக்க மாட்டேன்னு எங்கப்பாவுக்கு வாக்கு கொடுத்துட்டேன். என் பேரு உள்ள போகாதுன்னு நான் சொல்லலை. அதை மட்டும் கூட்டிட்டுப் போ தம்பி."

பெயரைச் சொன்னார். தங்கையிடம் இப்போது சொல்ல வேண்டாம், சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்துவிடுவாள், காகிதம் வீட்டுக்கு வரும்போது அதில் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஒத்திகைக்கு எடுத்த வண்டி, நிற்க நேரமில்லை. ஏறிப் போய்விட்டார். உள்ளே எழுத்தர் வயதைக் கேட்டபோதுதான், அதைக் கேட்டு வாங்கவில்லை என்று மச்சானுக்கு உறைத்தது. வாயில் வந்ததைச் சொன்னார். வந்தது அவருடைய சொந்த வயது. எழுத்தரும் கவனிக்கவில்லை. அலுவலகமே அப்போது ஜன்னலில் தொங்கி, எங்கே எரிகிறது என்று தேடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு பின்னாடி அதைப் படிச்சிருக்கும். ரெண்டு பேரும் ராசியாகியிருப்பாங்கன்னுதான் நான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் மச்சான்.

பொடியன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை. சர்டிபிகேட்டின் மடிப்புகளை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கவரைத்தான் அண்ணி, டாக்டர் போன வாரம் வெட்டினாங்க" என்றான் பொடியன். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

மச்சானுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும், எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே ஒரு வார்த்தை காதில் போட்டிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அண்ணி அவரைத் தடுத்தார். அந்த அண்ணன் கேட்டுக்கொண்டபடி நீங்கள் செய்தீர்கள், கல்யாணத்துக்கு யாரும் வராததால் தனக்கென்று யாரும் இல்லை என்று நம்பியதைத்தான் அந்தம்மாள் சொன்னார், இதில் யாரும் யாரிடமும் பொய் சொல்லவில்லை, தபால்காரர்கூட ஒழுங்காகத்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் என்றார்.

தெருவுக்கு வந்ததும் பொடியன் போனை எடுத்தான். அண்ணி அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். டாக்டரிடம் அவர் பேசியது கொஞ்சம்தான். எங்கள் பொடியன் பாதியைத்தான் சொன்னான், மீதியை நேரில் கேளுங்கள், தீயணைப்பு நிலையத்துக்கு வாருங்கள் என்றார். மாடு எதுவும் தீப்பிடித்துக்கொண்டதா என்று டாக்டர் கேட்டாராம். அண்ணிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

நிலையத்தின் பொறுப்பில் ஓர் இளம் பெண் அதிகாரி இருந்தார். பழைய ஆட்களில் இந்தப் பெயரில் ஒருவர் இருந்தாரா, இப்போது எங்கே இருப்பார் என்று அண்ணி கேட்டதும் அவர் பெருமூச்சு விட்டார். ஓய்வு பெற்றவர்களை எங்கேயாவது தேட வேண்டியிருக்கும். இவரைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை என்றார். நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய மாடிக் கட்டடம். அதன் இரண்டாம் மாடி ஜன்னலைக் காட்டினார்.

"மணி அடிச்சா எங்க கதவு திறக்கறதுக்கு முன்னாடி அவர் ஜன்னல் திறந்துடும். இப்ப ஒத்திகை இருக்கு. நீங்களே பாருங்க."

டாக்டர் வந்து சேர்ந்தபோது மருந்து வாடையும் கூடவே வந்தது. நடந்ததை அண்ணி அவருக்கு முற்றத்திலேயே நிற்கவைத்துச் சொன்னார். மச்சானின் கடையிலிருந்து தீயணைப்பு வண்டி வரைக்கும், வாசல் கம்பியிலிருந்து கவர் வரைக்கும் எதையும் விடாமல் சொன்னார். கவர் என்ற வார்த்தை வந்தபோது டாக்டர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். முதலில் போன் செய்ததற்காகப் பொடியன் மன்னிப்புக் கேட்டான். நாலு கால் பிராணிகள் இதைவிட நிதானமாக இருக்கும் என்று அவர் சொன்னார். அவன் அதை மறுக்கவில்லை.

மணி அடித்தது. வீரர்கள் ஓடி வந்தார்கள். வண்டியின் கதவு ஒன்று சிக்கிக்கொண்டது. இரண்டாம் மாடி ஜன்னல் திறந்து, பனியனோடு ஒரு வயதானவர் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"என்னப்பா, வீடு எரிஞ்சு முடியட்டும்னு காத்திருக்கீங்களா? சாம்பலை அணைக்கப் போறவனுக்கு எதுக்குடா வண்டி?"

அண்ணி டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் அண்ணாந்தபடி நின்றார்.

"எங்கம்மா குரல்" என்றார் மெதுவாக. "பால் லேட்டா வந்தா இதே மாதிரிதான் கேப்பாங்க. பசு மாட்டைப் போய்க் கும்பிட்டு அழைச்சுட்டு வந்தீங்களான்னு."

மாடிக்கு மூன்று பேரும் ஏறினார்கள். கதவைத் திறந்த பெரியவர் சட்டை போட்டிருந்தார், பொத்தான் ஒன்று மாறிப்போயிருந்தது. அண்ணி பேச்சை வளர்க்காமல் சர்டிபிகேட்டை நீட்டினார். அவர் அதைத் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"பேரு என்னோடது. கையெழுத்து என்னோடது இல்ல" என்றவர் நிமிர்ந்து, அண்ணியைத் தாண்டிப் பின்னால் நின்ற டாக்டரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "அவ எங்க?"

டாக்டர் சொன்னார். மூன்று மாதம் என்றார். பெரியவரின் கை நிலைப்படியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"காகிதத்துல என் பேரைப் பாத்தும் ஒரு வார்த்தை எழுதலையே, அவ்ளோ கோபமா அவளுக்குன்னு நானும் இருந்துட்டேன்" என்றார். கேள்வி கேட்கிற குரலாகவும் இருந்தது, பதில் சொல்கிற குரலாகவும் இருந்தது.

"பாக்கல மாமா. கவரைப் பிரிக்கவே இல்ல. அலமாரியில அப்படியே இருந்துச்சு."

மாமா என்ற அந்த வார்த்தையை டாக்டர் திட்டமிட்டுச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது போல உதட்டைக் கடித்துக்கொண்டார். தீ என்றால் ஓடத் தெரிந்த மனிதருக்கு அந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கணவரின் முகத்தையும் காகிதத்தையும் வந்தவரையும் பார்த்தார். ஒன்றும் விசாரிக்காமல் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியவரும் பின்னாலேயே போனார். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே நின்ற இரண்டு பேரை யாருக்கும் நினைவில்லை. அண்ணி படியிறங்கினார். பொடியனும் இறங்கினான். கீழே வந்து, தெருவோரம் இருந்த சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து, அண்ணி காலணியின் வாரைச் சரிசெய்துகொண்டார். பொடியன் மூக்கை உறிஞ்சினான். என்ன அழுகையா என்று கேட்டதற்கு, தீயணைப்பு நிலையத்தில் புகை அதிகம் என்றான். எங்கும் புகை இல்லை. அண்ணி வற்புறுத்தவில்லை.

பிறகு டாக்டரின் குரல் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வந்தது. ஊரில் எந்த மூலையில் புகைந்தாலும் வண்டி எடுத்துக்கொண்டு போகத் தெரிந்தவருக்கு, இதே ஊரில் இருந்த தங்கை வீட்டுக்கு நடந்து வரத் தெரியவில்லையா என்று அது கேட்டது. பெரியவர் குரலும் உயர்ந்தது. உன் அம்மா வைராக்கியம் பற்றி எனக்குத் தெரியாதா, ஐந்து வயதில் பேசாமல் இருந்து காட்டியவள் அவள் என்றார். அம்மாவைப் பற்றி இப்படிப் பேச வேண்டாம் என்றார் டாக்டர். நான் அவளுக்கு அண்ணன், நான் பேசாமல் வேறு யார் பேசுவது என்றார் பெரியவர். நடுவில் ஒரு பாத்திரம் டம்மென்று வைக்கப்பட்டது. இரண்டு பேரும் முதலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், சண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்றாவது குரல் அதட்டியது. சண்டை நிற்கவில்லை. இன்னும் சூடாயிற்று.

கீழே ஒத்திகை முடிந்து திரும்பிய வீரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தாத்தா இன்று எங்களை விட்டுவிட்டு வேறு யாரையோ பிடித்துக்கொண்டார் என்று ஒருவர் நிம்மதியாகச் சொன்னார்.

பொடியன் எழுந்துவிட்டான்.

"அண்ணி, நான் மேல போய் விலக்கி விடட்டுமா? அடிச்சுக்கப் போறாங்க."

அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆறடி உயரமும் மறுபடி மேடையில் உட்கார்ந்தது.

"சொந்தக்காரங்க சண்டை போட்டுக்கறாங்க" என்றார். "வெளியாளுங்களுக்கு அங்க என்ன வேலை? வா, போலாம்."